கொஸ் தெஸ்தூர்னெல்: கோபுரமும் கொடியும்

ஒரு தோட்டத்தின் வைனை எடைபோட வருபவர் அந்தத் தோட்டத்தின் கதையை முதலில் புறத்தே வைத்துவிட வேண்டும் என்பது நல்ல விதி. கொஸ் தெஸ்தூர்னெலிடம் அந்த விதி பாதிதான் செல்லும். இங்கே கதை கட்டடமாக எழுந்து நிற்கிறது. போத்தலின் ஒட்டுச்சீட்டில் அச்சாகிறது. சில ஆண்டுகளில், என் கணிப்பில், வைனுக்குள்ளேயே இறங்கியும் விடுகிறது. ஆகவே கதைக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கதை நம் பக்கத்துக் கடலைப் பற்றியது. மட்டக்களப்புக் கரையில் உள்ள குருக்கள்மடத்தில் இருந்து எழுதுகிறவனுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு.

1791-இல் லூயி-கஸ்பார் தெஸ்தூர்னெலுக்குக் கொஸ் மேட்டின் கொடித்தோட்டம் முதுசமாகக் கிடைத்தது. பிரான்சின் போர்தோவை ஒட்டிய மெதொக்கில், சென்ட்-எஸ்தெஃப் ஊரின் தென்கோடியில் உள்ள மேடு அது. அங்கு விளைவதை அக்கம்பக்கத்து விளைச்சலோடு கலக்காமல் தனியே வடித்துப் பார்த்த அவர், அது வேறு தரம் என்று கண்டுகொண்டார். அந்த முதல் தீர்ப்பை இருநூறு ஆண்டுகள் கடந்தும் மாற்ற எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. இரண்டாவதாக அவர் செய்தது வியாபாரம். போர்தோவின் மொத்த வணிகர்களை நம்பியிருக்காமல் தன் வைனைத் தானே தூரதேசங்களுக்கு ஏற்றினார், இந்தியாவுக்கும் ஏற்றினார். விற்காமல் கப்பலிலேயே திரும்பி வந்த போத்தல்கள் கடற்பயணத்தால் மேம்பட்டிருந்தன என்றும், இந்தியா போய் மீண்டவை என்று காட்ட அவற்றில் ‘ஆர்’ என்ற எழுத்தைப் பொறித்துக் கூடிய விலைக்கு விற்றார் என்றும் தோட்டத்தின் மரபுக்கதை சொல்கிறது. ‘சென்ட்-எஸ்தெஃபின் மகாராஜா’ என்ற பட்டமும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

கதையை மெச்சுகிறவர்கள் அதன் நடுவில் உள்ள ஓட்டையைக் கவனிப்பதில்லை. திரும்பி வந்த போத்தல் என்றால் வாங்க ஆளில்லாத போத்தல். இந்தியாவால் புகழ்பெற்றதாகச் சொல்லப்படும் வைன், உண்மையில் இந்தியா குடிக்காமல் விட்ட வைன். மேற்கத்திய மது இந்தக் கரைகளுக்குப் புதிதாக இருந்ததால் விலைபோகவில்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் காண்கிறோம். 1945-இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்தச் சாடிகள் திரும்பிப் போகவில்லை. குடித்து முடித்தபின் இங்கேயே உடைந்தன. தெஸ்தூர்னெலின் திறமை வேறு வகையானது. விற்காத சரக்கை விற்ற சரக்கைவிட உயர்த்திக் காட்டியது வணிக வரலாற்றில் ஒரு சாதனை என்பதை ஒப்புக்கொள்வோம். வைனின் வரலாற்றில் அதற்கு எத்தனை புள்ளி என்பது தனிக் கேள்வி.

கட்டடத்தையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். கூர்ந்து எழும் பகோடாக் கோபுரங்கள், யானை உருவங்கள், சன்சிபார் சுல்தானின் அரண்மனையில் இருந்து வந்த செதுக்கு மரக்கதவு: சீனம், இந்தியம், அரபு, ஆபிரிக்கம் எல்லாம் ஒரே சுவரில். 1838-இல் இதைப் பார்த்த நாவலாசிரியர் ஸ்தெந்தால், கிரேக்கமும் அல்லாத, கோதிக்கும் அல்லாத, எந்தப் பாணியிலும் சேராத குதூகலமான கட்டடம் என்றும், வேண்டுமானால் சீனப் பாணிக்குக் கிட்ட என்றும் எழுதிவைத்தார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கீழைத்தேயம் என்ற ஒரு மொத்தக் கற்பனையின் கட்டடம் இது. எந்த ஊரின் கோயிலையோ வாசலையோ அறிந்தவரின் கட்டடம் என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. ஆனாலும் இதில் ஒரு நேர்மை உண்டு. மெதொக்கின் மற்றப் பெருந்தோட்டக்காரர்கள் தாங்கள் குடியிருக்க மாளிகை எழுப்பினார்கள். இந்த மனிதர் வைன் குடியிருக்க எழுப்பினார். கோபுரங்களுக்குக் கீழே இருப்பது வடிசாலையும் பீப்பாய்க் கிடங்கும்தான். அவர் குடியிருந்தது போமி என்ற வேறோர் இல்லத்தில். செலவு கடனாக ஏறி, 1852-இல் தோட்டம் மார்ட்டின்ஸ் என்ற இலண்டன் வங்கியாளரின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு தெஸ்தூர்னெல் இறந்தார். 1855-இன் புகழ்பெற்ற தரவரிசை வந்தபோது இரண்டாந்தரத்தில் இடம்பெற்ற இந்தத் தோட்டம் ‘மகாராஜா’வின் உடைமையாக இருக்கவில்லை.

கடற்பயணம் வைனை மேம்படுத்தும் என்ற கூற்றுக்கு வருவோம். இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதிக்கப் பொருத்தமான ஊரில்தான் இருக்கிறேன். வடிசாலைக் கிடங்கு ஒன்றில் வெப்பம் 12 முதல் 14 பாகை வரை நிற்கும். கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாகக் கிடக்கும் இந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே ஆண்டு முழுக்க அதன் இருமடங்குக்குக் குறையாது. அம்பிளாந்துறைப் பாதைப் படகுக்காகப் பகல் வேளையில் துறையில் நின்றவர்களுக்கு வெளியில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. வெப்பம் 10 பாகை கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பாடசாலைப் பாடம். அப்படியானால் நம்மூர் அலுமாரியில் ஓர் ஆண்டு என்பது கிடங்கில் மூன்று ஆண்டுக்குச் சமம் என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு பிழைப்பது இங்கேதான். எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை. துவர்ப்பு இளகுவது ஒரு வேகத்தில் நடக்கும். பழமணம் அழிவது அதைவிட வேகமாக நடக்கும்.

பாரிஸில் இருந்து மச்சான் கொண்டுவந்த பகோத் து கொஸ், அதாவது இந்தத் தோட்டத்தின் இரண்டாவது வைன், ஒரே ஆண்டின் இரண்டு போத்தல்களாகக் கிடைத்தது. ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டிலும் மற்றதை ஓட்டுக்கூரையின் கீழ் உள்ள மர அலுமாரியிலும் ஒரு கோடை முழுவதும் வேண்டுமென்றே வைத்தேன். அலுமாரிப் போத்தலின் கார்க், கண்ணாடி விளிம்புக்கு மேலே ஒரு நூலிழை எழும்பி, மேலுறைத் தகட்டை முட்டிக்கொண்டு நின்றது; உறையைக் கழற்றியதும் கழுத்தில் பாகு போலக் காய்ந்த ஊதாக் கறை. கிளாஸில் சாய்த்துப் பார்த்தால் ஓரம் செங்கல் நிறம். கருங்கொடிமுந்திரியின் மணம் போய், அடுப்பில் கூடுதலாகக் கிடந்த பழப்பாகின் மணம் வந்திருந்தது. ஆனால், நியாயமாகச் சொல்ல வேண்டும், நாவில் துவர்ப்பின் முரடு குறைந்திருந்தது. குளிர்ந்த போத்தல் இறுக்கமாகவும் முழுமையாகவும் இருந்தது. மச்சான் அலுமாரிப் போத்தலைத்தான் விரும்பினார். “இதுதான் மச்சான் குடிக்க லேசாக் கிடக்கு” என்றார்.

மச்சானின் ரசனையில் கதையின் நியாயம் அடங்கிவிடுகிறது. அன்றைய வைன் இளமையில் கடுந்துவர்ப்போடு பீப்பாயை விட்டு வந்தது. கடற்பயணத்தின் சூடு அதைத் தணித்திருக்கும். தணிந்ததை மேம்பாடு என்று இலண்டனிலும் போர்தோவிலும் எண்ணியிருப்பார்கள். கொடுத்த விலை மணம். சூட்டையே முறையாக்கிய வைன் மரபு உலகில் உண்டு: மதெய்ரா தீவில் மதுசாரம் சேர்த்து வலுவூட்டிய வைனைத் திட்டமிட்டுச் சூடாக்கி, அந்தச் சுவையையே இலக்கணமாக்கினார்கள். அங்கே முறையும் விளைவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கொஸ் போன்ற மென்மையான வைனுக்கு அதே சூடு விபத்து. விபத்தை முறை என்று பெயர் சூட்டி விற்றதில் சாமர்த்தியம் உண்டு. இன்று எவரும் தங்கள் கொஸ் போத்தல்களைக் கொழும்புக்கு அனுப்பித் திருப்பி எடுப்பதில்லை.

கதையை இவ்வளவில் விட்டு மண்ணுக்கு வந்தால், இந்தத் தோட்டத்தின் உண்மையான வலு தெரியத் தொடங்குகிறது.

கொஸ் மேட்டின் தெற்குச் சரிவில் இறங்கினால் ஜல் து ப்ரெய் என்ற ஓடை. ஓடைக்கு அந்தப்பக்கம் போயாக். அங்கே எதிர்முகமாக லஃபிட். முதல்தர வைனும் இரண்டாந்தர வைனும் ஓர் ஓடையால் பிரிந்திருக்கின்றன. லஃபிட்டுக்குச் சொந்தமான ஒரு சிறு துண்டு நிலம் ஓடை கடந்து சென்ட்-எஸ்தெஃபுக்குள்ளேயே கிடக்கிறது; அதன் விளைச்சலைப் போயாக் என்ற பெயரில் விற்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. எல்லைக்கோடுகளில் நம்பிக்கை வைத்துத் தரம் பேசுகிறவர்கள் இந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மேட்டின் மேற்பரப்பு கூழாங்கல்லும் சரளையும். பகலின் சூட்டைப் பிடித்து இரவில் கொடிக்குக் கொடுப்பது அது. மழைநீரை நிற்கவிடாமல் கீழே அனுப்புவதும் அதுதான். கபர்னே சோவிஞோனுக்கு இதைவிட உகந்த மண் இல்லை, ஏனெனில் அது தாமதமாகப் பழுக்கும் கொடி. வேர் நனைந்தே இருந்தால் பழுக்காமல் பச்சை மிளகாய் மணத்தோடு நின்றுவிடும். ஆனால் சென்ட்-எஸ்தெஃபின் அடிமண்ணில் போயாக்கைவிடக் களி கூடுதல். களி குளிர்ச்சியானது, ஈரத்தைப் பிடித்துவைப்பது, மெர்லோ விரும்புவது. ஆகவே கொஸ்ஸில் மெர்லோவின் பங்கு பக்கத்து லஃபிட்டைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருந்திருக்கிறது. இந்த இரட்டைத்தன்மையே இதன் குணம். லஃபிட் எலும்பும் நறுமணமும். கொஸ் எலும்பின் மேல் தசை. நல்ல ஆண்டில் அந்தத் தசை கம்பீரம். கவனம் தப்பினால் கொழுப்பு.

ஈரத்தைப் பிடித்துவைக்கும் களியின் மதிப்பு 2003-இல் தெரிந்தது. ஐரோப்பாவை வாட்டிய அந்தக் கோடையில் சரளை மட்டும் உள்ள தோட்டங்களில் கொடி தாகத்தில் மூச்சடைத்து நின்றது. பழம் வெந்து வற்றியது. சென்ட்-எஸ்தெஃப் தாங்கியது. கொஸ், அதே ஊரின் மொன்ரோஸ் இரண்டும் அந்த ஆண்டின் மிகச்சிறந்த சிவப்பு வைன்களில் சேர்ந்தன. குளிர்ந்த காலத்தில் குறையாகப் பேசப்பட்ட களி, வெப்பம் கூடிவரும் காலத்தில் நிறையாக மாறுகிறது. 1855-இன் தரவரிசையில் இந்த மாற்றத்துக்கு இடமில்லை.

முறையைப் பொறுத்தவரை, நவீன கொஸ்ஸை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம். 1970 முதல் 1998 வரை புருனோ ப்ராவின் காலம். இந்தத் தோட்டத்தை 1917 முதல் வைத்திருந்த ஜினெஸ்தே குடும்பத்தின் வாரிசு அவர். 1982, 1985, 1986, 1990 எல்லாம் அவர் கைவண்ணம். இரண்டாந்தரத்தில் இருந்துகொண்டு முதல்தரத்தைத் தொடும் தோட்டங்களின் சிறு வட்டத்தில் கொஸ்ஸை உட்காரவைத்தது இந்த வரிசைதான். 1994-இல் பகோத் து கொஸ்ஸைத் தொடக்கியதும் அவர் காலத்து நற்செயல். இளங்கொடிகளின் விளைச்சலையும் தேறாத பீப்பாய்களையும் அதற்கு ஒதுக்கியதால் முதல் வைனின் தெரிவு கடுமையானது. ப்ராவின் வைன்களில் குறை காண வேண்டுமென்றால், சராசரி ஆண்டுகளில் அவை சற்று எளிதில் இணங்கிவிட்டன என்று சொல்லலாம். ஆனால் அவற்றில் சமநிலை குலைந்தது அரிது.

2000-இல் மிஷேல் ரெய்பியே தோட்டத்தை வாங்கினார். நிர்வாகம் 2012 வரை புருனோவின் மகன் ஜான்-கியோமின் கையில் இருந்தது. 2008-இல் கட்டடக்கலைஞர் ஜான்-மிஷேல் வில்மொத்தின் வடிவமைப்பில் புதிய வடிசாலை எழுந்தது. அதன் கொள்கை எளிமையானது: பம்பு கிடையாது. பழம் மேல்தளத்தில் இறங்குகிறது; தன் எடையால் கீழே வருகிறது. தோலும் கொட்டையும் மேலே மிதந்து கெட்டியாகும்போது சாற்றைப் பம்பால் ஏற்றி ஊற்றுவதற்குப் பதிலாக, சாறு நிறைந்த தொட்டியையே மின்தூக்கியில் மேலே எடுத்து மறுபடி கீழே வழியவிடுகிறார்கள். கூம்பு வடிவத் தொட்டிகள் பல. ஒவ்வொரு வயற்துண்டின் விளைச்சலும் தனித்தனியே நொதிக்கும். இந்தச் சாலையைக் கண்ணாடியும் உருக்குமாக மினுக்கும் ஆடம்பரம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த ஏளனம் பொருந்தாது. துவர்ப்பைப் பிழியாமல் கரைய விடுவது, துண்டுகளைக் கலக்காமல் பகுத்தறிவது என்ற இரண்டு இலக்குகளுக்கும் இந்தச் சாலையில் தெளிவான வழி இருக்கிறது. முறை என்ற அளவில் இதைப் பிழை பிடிக்க முடியாது.

முறை சரியாக இருந்தும் நோக்கம் பிசகலாம் என்பதற்கு 2009-ஐப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு போர்தோ முழுவதும் வெயிலும் நிதானமும் வாய்த்த ஆண்டு. கொஸ் 2009-க்கு அமெரிக்க விமர்சகர் ரொபேர்ட் பார்க்கர் பீப்பாய் நிலையிலேயே உச்சத்துக்கு அருகில் புள்ளி போட்டார். போத்தலான பின் 100 போட்டார். இலண்டனில் பல விமர்சகர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இது மெதொக்தானா என்று கேட்டார்கள். ஒட்டுச்சீட்டில் மதுசாரம் 14.5 சதவீதம். கலவையில் கபர்னே மூன்றில் இரண்டு பங்கு இருந்தும், அதன் நிமிர்ந்த உடற்கட்டு மெர்லோவின் கொழுமைக்கும் புதிய ஓக் மரத்தின் இனிப்புக்கும் அடியில் போயிருந்தது. அட்லாந்திக்கின் இருபுறத்து ரசனைகள் மோதிக்கொண்டதாக இதை விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் சோம்பலானது. அமெரிக்கருக்குப் பிடிக்கும், ஆங்கிலேயருக்குப் பிடிக்காது என்றால், வைனைப் பற்றி எதுவும் சொல்லாமல் தப்பித்துவிடலாம்.

கேட்க வேண்டியது வேறு. ஒரு வைன் பெரிதாக இருப்பது குற்றமா? இல்லை. முதிர்ச்சி முழுமையாக இருப்பது குற்றமா? அதுவும் இல்லை, பழுக்காத கபர்னேயின் பச்சை வாடையைத் தூய்மை என்று புகழ்ந்த காலம் போகட்டும். பெரிதாவதால் இடத்தின் குணம் துலங்குகிறதா, மறைகிறதா என்பதே அளவுகோல். பாரிஸில் 2009-ஐயும் 2016-ஐயும் அருகருகே வைத்துப் பருக வாய்த்தது. என் முடிவு அந்த ஒப்பீட்டின் மேல் நிற்கிறது. 2009-இல் முதல் வாய் அள்ளித் தருகிறது: கறுப்புப் பழம், மசாலா, கோக்கோ, ஒன்றன் மேல் ஒன்றாக. நடுவாயில் அகலம் உண்டு. முடிவில், புளிப்பு நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய இடத்தில், மதுசாரத்தின் இளஞ்சூடு எழுகிறது. இரண்டாவது கிளாஸுக்குக் கை தயங்குகிறது. இந்த வைனில் செறிவு உண்டு, மெருகு உண்டு, தொழில்நுட்பக் குறை ஒன்றுமே இல்லை. நான் மேலே சொன்ன களியும் சரளையும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

என் ஐயம் இதுதான். கீழைத்தேயத்து மசாலா, பட்டு, ராஜ போகம் என்று நூற்றைம்பது ஆண்டாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட தோட்டம், ஒரு கட்டத்தில் அந்த விளம்பரத்துக்கு ஏற்றபடி வைனையும் வடிக்கத் தொடங்கிவிட்டது. கோபுரம் போத்தலுக்குள் இறங்கிய ஆண்டு 2009. 2010-இல் கபர்னேயின் பங்கு கூடியும் அந்தச் சாய்வு முழுதாகப் போகவில்லை, ஆனாலும் கட்டுக்கோப்பு மேம்பட்டது.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. பெரிய போர்தோவை இளமையில் எடைபோடுவது அபாயம். 1982-ஐயும் அன்று சிலர் மிகையாகப் பழுத்தது, நீடிக்காது என்றார்கள், அது நீடித்தது. 2009-க்கும் நாற்பது ஆண்டு கொடுத்துப் பார்க்கலாமே? கொடுக்கலாம். துவர்ப்பு கரையும், ஓக் உள்வாங்கப்படும். மதுசாரம் மட்டும் காலத்தோடு குறையாது. 1982-இல் மதுசாரம் இந்த அளவில் இருந்ததில்லை என்பதால் ஒப்பீடு முழுதாகப் பொருந்தவும் இல்லை.

2016 வேறொரு வைன். கபர்னே நாலில் மூன்று பங்கு; மதுசாரம் தெளிவாகக் குறைவு. மணத்தில் பென்சில் கூரும் கறுப்புப் பழமும், பிறகு சற்றுத் தாமதமாக, கொஸ்ஸுக்கே உரிய அந்த மசாலாச் சாயல். நடுவாயில் தசை இருக்கிறது, ஆனால் துவர்ப்பு அதைச் சுற்றிக் கட்டி நிறுத்துகிறது. புளிப்பு கடைசிவரை வருகிறது. முடிந்த பின்னும் சுவை நீளுகிறது, சூடு நீளுவதில்லை. அதே மேடு, அதே சாலை, அதே உரிமையாளர். மாறியது, எவ்வளவு எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற தீர்மானம். 2008-இன் சாலை தன் நியாயத்தை 2016-இல்தான் முழுதாக நிரூபித்தது என்பேன்.

சாப்பாட்டு மேசையிலும் ஒரு வார்த்தை. இந்த வைனை நம்மூர்ச் சமையலோடு வைத்துக் குறை சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் குறை வைனுடையது அல்ல. முதலாவது வெப்பம்: அறை வெப்பத்தில் பரிமாறு என்ற பிரெஞ்சு அறிவுரை அவர்கள் ஊர்க் கல்வீட்டின் அறைக்கானது. இங்கே அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் அந்த அறை கிடைக்கும். இரண்டாவது மீன். வாவி இறாலும் நண்டும் சிவப்பு வைனோடு சேரும்போது வாயில் ஒரு மீன்வாடை எழுவதை உணர்ந்திருப்பீர்கள். வைனில் கரைந்துள்ள இரும்பு கடலுணவின் கொழுப்போடு வினைபுரிவதே காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூன்றாவது உறைப்பு: மிளகாய் மதுசாரத்தின் சூட்டைப் பெருக்கிக் காட்டும், எனவே 14.5 சதவீத வைன் நம் கறிக்கு முன்னால் தோற்பது நிச்சயம். மிளகு தூக்கலாக, மிளகாய் அடக்கமாக வைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு 2016 போன்ற ஆண்டு ஒத்துப்போகும். மற்றதற்குத் தவறணைக் கள்ளு போதும். அது இந்தக் கறிகளோடு வளர்ந்தது.

யானையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தன் சின்னமாக யானையைத் தூக்கித் திரியும் ஒரு நிறுவனத்திடம் அதற்கான கடனைக் கேட்பது நியாயம். முதலாம் உலகப் போரில் ஆண்கள் களத்தில் இருந்தபோது 1915-இல் பெண்கள் நட்ட மெர்லோத் துண்டு ஒன்று கொஸ்ஸில் உண்டு. அதற்கு நூறு வயதான 2015-இன் அறுவடையில் இருந்து ‘கொஸ் 100’ என்ற சிறு வடிப்பை எடுத்து, அதன் வருவாயை ஆசிய யானைகளைக் காக்கும் எலிபன்ட் ஃபமிலி என்ற அமைப்புக்கு வழங்கினார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இரவில் வெடி கொளுத்தி வெள்ளாமையைக் காக்கிறவர்களுக்கு யானை அழகுச் சின்னமாகத் தோன்றாது. ஆனாலும் யானைக்கு வழி விட்டால்தான் வெள்ளாமைக்கும் வழி என்பது அவர்களுக்கும் தெரியும். அலங்காரமாகத் தொடங்கியது ஒரு தடவையாவது கொடையாக மாறியதைக் கணக்கில் வரவாகவே எழுதுகிறேன். அந்த வைன் எப்படி இருந்தது என்பதைத் தரத்தீர்ப்பில் சேர்க்கவில்லை; சில பீப்பாய்ப் பண்டத்தை வைத்துத் தோட்டத்தை உயர்த்துவது மோசடி.

இனித் தரவரிசை. 1855 ஏப்பிரலில் போர்தோத் தரகர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் விலையின் பட்டியல். நீண்டகாலச் சந்தை விலை தரத்தைக் காட்டும் என்பது அவர்கள் எடுகோள். குறையுள்ள எடுகோள்தான், ஆனால் ஒருவருடைய நாவை மட்டும் நம்பும் நூற்றுக்குப் புள்ளி முறையைவிட அது மோசம் என்று சொல்ல மாட்டேன். அதன் உண்மையான குறை, நிலத்துக்கு அன்றித் தோட்டத்தின் பெயருக்குத் தரம் கொடுத்தது. பெயர் நிலைக்க, நிலம் வாங்கலாம் விற்கலாம். 2023-இல் ஐந்தாந்தர அயல் தோட்டமான கொஸ் லபோரியையும் ரெய்பியே வாங்கிவிட்டார். அந்த நிலத்தின் சிறந்த துண்டுகள் நாளை இரண்டாந்தரப் போத்தலுக்குள் வந்தால் பட்டியல் வாய் திறக்காது. நாம் திறக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களை வைத்து என் தீர்ப்பு: மண்ணில் கொஸ் இரண்டாந்தரத்தின் உச்சியில் இருக்கிறது, லஃபிட்டுக்கு ஓர் ஓடை குறைவு. முறையில் இன்று மெதொக்கில் எவருக்கும் பின்னால் இல்லை. ஒத்திசைவில்தான் குறை. ப்ரா காலத்தின் அளவடக்கம், 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஆரவாரம், 2016-இல் மீண்ட நிதானம் என்று அரை நூற்றாண்டுக்குள் மூன்று குரல்கள். பெருந்தோட்டம் என்ற பெயரைத் தாங்கினால், ஆண்டுக்காண்டு வானிலை மாறலாம், கருத்து மாறக் கூடாது. முதல்தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையை இதனால் ஏற்க முடியவில்லை. இரண்டாந்தரத்திலேயே முதல் மூன்றில் ஒன்று என்பதை மறுக்கவும் முடியவில்லை.

அதே ஊரில், ஜிரோந்து கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரே துண்டாகக் கிடக்கும் மொன்ரோஸ் இந்தக் கணக்கை நேர்ப்படுத்த உதவும். அங்கே கோபுரம் இல்லை, மகாராஜா இல்லை. கடுமையான, மெல்லத் திறக்கும், ஆனால் ஆண்டுக்காண்டு தன்னையே ஒத்த வைன் உண்டு. கொஸ்ஸின் வசீகரம் மொன்ரோஸுக்கு வாய்க்காது; மொன்ரோஸின் உறுதி கொஸ்ஸுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. ஒரு போத்தலுக்குத்தான் காசிருக்கிறது என்றால் 2009, 2010 இரண்டிலும் மொன்ரோஸை எடுப்பேன். 2016-இல் கொஸ்ஸை எடுப்பேன். 2003-இல் இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் தடுமாறுகிறேன்.